வாழவந்தாள் இப்ப எங்க வருது?

கோழி முட்டையிட்டால் கொக்கரிக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கூடைக்குள் கையை விட்டு முட்டையை எடுப்போம். அவ்வளவுதான். ஆனால் அதே கொக்கரிப்பைக் கேட்டுவிட்டு, 'அடடா, இந்தச் செய்தி முறையான வழியில் நமக்கு வந்து சேரவில்லையே' என்று மனம் வாடுகிற ஓர் இனம் நம் நடுவே பெருகிக்கொண்டிருக்கிறது. கூடைக்கு அடியில் எடை பார்க்கும் கருவி, கருவிக்கு ஒரு வயர், வயருக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரிலிருந்து கடல் கடந்து எங்கோ ஒரு சர்வர், சர்வரிலிருந்து திரும்பிக் கடல் கடந்து அடுப்படியில் இருக்கும் செல்போன். போன் டிங் என்று அடித்து, முட்டை வந்துவிட்டது என்று அறிவிக்கும். அதற்குள் முட்டையைக் கீரி கொண்டுபோயிருக்கும். கீரிக்கு இன்னும் கருவி மாட்டவில்லை. இந்த இனத்துக்கு நொடிக்கு நொடி மனிதர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவர்கள் கையில் இருக்கும் ஆயுதத்தின் பெயர் ஸ்ட்ரீமிங். பயந்துவிடாதீர்கள். ஓரிடத்தில் ஏதாவது நடந்தால், நடந்த நொடியிலேயே அந்தச் செய்தியை இன்னோரிடத்துக்கு ஓடவிடுவது, ஓடிக்கொண்டே இருக்கவிடுவது, இவ்வளவுதான் சங்கதி. பெரிய வங்கிகள் கோடிக்கணக்கான செய்திகளை ஓடவிடுவதற்காகச் செய்துவைத்த மென்பொருளை இவர்கள் வீட்டுக்குள் இறக்கி, ஒற்றைக் கோழிக்காக ஓட்டுவார்கள். எதற்கு என்று கேட்டுப்பாருங்கள். "சும்மா ஒரு ஹாபிக்குத்தான்" என்று பதில் வரும். அந்தச் 'சும்மா'வுக்குள் மனைவியின் நிம்மதி, வீட்டுச் சுவரில் போட்ட ஓட்டைகள், பைக்கிலிருந்து கழற்றிய பேட்டரி எல்லாம் அடக்கம்.

பெங்களூரில்தான் இந்த இனம் விளையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கரிசல் காட்டிலும் அமோகமாக விளைகிறது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வருகிற வழியில் உடையங்குளம் விலக்கு என்று, ஊருக்கு ரோடு பிரிகிற ஓர் இடம். விலக்கிலிருந்து உளுந்துக் காட்டுக்கு நடுவே நேராகப் போகிற சின்ன ரோட்டில் போனால் ஊர் வந்துவிடும். ஊரில் இரண்டாவது தெருவில், கூரைமேல் மூன்று ஆன்டெனாவும் வாசலில் பேட்டரி இல்லாத பைக்கும் நிற்கிற வீடு மாரிக்கண்ணனுடையது. அவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். எங்கோ ஒரு நாட்டில் எவரோ காபி குடித்துவிட்டுக் கார்டைத் தேய்த்தால், அந்தச் செய்தியை அந்த நொடியே வங்கிக்கு ஓடவிடுவது அவருக்குச் சம்பளம் தருகிற உத்தியோகம். பகலெல்லாம் சம்பளத்துக்குச் செய்கிற வேலையையே சாயங்காலம் சம்பளமில்லாமல் செய்தால் அதற்கு ஹாபி என்று பெயர். குண்டாற்றில் தண்ணீர் ஓடிப் பார்ப்பதே அபூர்வமான சீமையில் பிறந்தவர், எதையாவது ஓடவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டதில் தப்புச் சொல்ல முடியுமா?

முதலில் இட்லி மாவு. மாவுச் சட்டியின் மூடியில் ஒரு சென்சாரை ஒட்டி, மாவு பொங்கப் பொங்கக் கோடு ஏறுவதை டி.வி.யில் பார்க்க ஏற்பாடு செய்தார். கோடு ஏறவில்லை. சென்சார் சரியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் மாவும் பொங்கவில்லை. மறுநாள் இட்லியைக் கடிக்க முடியாமல் கடித்துக்கொண்டே, "பாத்தியா, கோடு ஏறலன்னு முன்னாடியே சொல்லிருச்சு. டேட்டா பொய் சொல்லாது" என்று பெருமைப்பட்டார்.

அடுத்தது கரண்டு. கரண்டு போனால் உடனே ஊரில் எல்லாருடைய போனுக்கும் செய்தி போக வேண்டும் என்று ஒன்றைக் கட்டினார். கரண்டு போனதும் வீட்டு வைஃபையும் போய்விடும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அதனால் கரண்டு திரும்பி வந்து, மின்விசிறிகள் சுற்றத் தொடங்கி, ஊரே அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு, 'கரண்டு போய்விட்டது' என்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பைக் பேட்டரி வீட்டுக்குள் போனது.

இதெல்லாம் ஒருவரையும் பெரிதாகக் கெடுக்கவில்லை. கெடுத்தது மினி பஸ்.

மாரிக்கண்ணனின் மனைவி நாகஜோதி, அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் எல்லாம் அவள் வரவுக்காகக் காபிகூடக் குடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் பிந்தினால் அவர்கள் பசி பிந்தும். பசி பிந்தினால் கோபம் முந்தும். அவளைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'வாழவந்தாள்' என்று நெற்றியில் எழுதிய மினி பஸ். காலையில் ஒரே ஒரு நடை ஊருக்குள் வந்து திரும்பும். அந்த நடையை விட்டால் விலக்கு வரைக்கும் வெயிலில் நடக்க வேண்டும்.

அந்த மினி பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் கோட்டைச்சாமி விலக்கில் வண்டியை மெதுவாக்கி, ஒரு கையைப் புருவத்தில் வைத்து ஊர்ப்பக்கம் பார்ப்பார். பொட்டல் காடு, ஒரு மரம் மறைக்காது. ஊர் வாகை மரத்தடியில் ஆள் தலை தெரிந்தால் வண்டியைத் திருப்புவார். ஒரே ஒரு தலை தெரிந்தாலும் திருப்புவார். தெரியாவிட்டால் நேரே விட்டுவிடுவார். அருப்புக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுபோகும் குருவம்மாள், தலையில் கூடையோடு எல்லாருக்கும் முந்தி வந்து நிற்பாள். அவள் பின்னாலேயே இரண்டு மூன்று பேர் வந்து ரோட்டோரம் நின்று கதை பேசுவார்கள். பஸ் திரும்புகிற சத்தம் கேட்டதும் மீதிப் பேர் சீப்பும் கையுமாக ஓடிவந்து ஏறுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் இது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நாகஜோதி வீட்டுக்கு வந்து, "காலையில பஸ்ஸு வர நேரமாயிருச்சு. நின்னு நின்னு காலு கடுத்துப்போச்சுங்க" என்றாள். மனைவி இப்படிச் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுப்பவன் சாதாரண மனிதன். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். நொடிக்கு நொடி மனிதரோ எழுந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நாகஜோதி அந்த வெளிச்சத்தை இட்லி மாவுக்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள், கரண்டுக்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். ஆனால் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

ஒரு பழைய போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கோட்டைச்சாமியைப் பிடித்தார். வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டால், வண்டி எங்கே வருகிறது என்று நொடிக்கு நொடி ஊருக்குத் தெரியும் என்று விளக்கினார்.

கோட்டைச்சாமி யோசித்தார். "மொதலாளிக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுண்ணே. நம்ம ஊருக்கு மட்டுந்தேன்."

"அப்ப நான் டீக்கடையில நின்னா?"

"அது ஊருக்குத் தெரியும்ணே."

"ஊருக்கு இப்பவும் தெரியத்தானே செய்யுது? வச்சுட்டுப் போ."

மறுநாளிலிருந்து உடையங்குளத்தில் பொற்காலம் பிறந்தது. போனைத் திறந்தால் ஒரு வரைபடம், அதில் ஒரு மஞ்சள் புள்ளி, புள்ளிதான் வாழவந்தாள். தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது நின்று, "வாழவந்தாள் இப்ப எங்க வருது?" என்று கேட்பது வந்தது. பஸ்ஸில் போகிற சோலியே இல்லாதவர்கள்கூடப் புள்ளியைப் பார்த்தார்கள். பெரிய போன் இல்லாத குருவம்மாள், வேலி வழியாக எட்டி நாகஜோதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னும் நாலு மொட்டுக் கூடுதலாகப் பறிக்க நேரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள். "ஏய்யா மாரிக்கண்ணு, நீ நல்லாருக்கணும்யா. வெயில்ல நின்னு மூளை உருகிப்போச்சு இம்புட்டு நாளும்" என்று வாழ்த்தினாள். பாராட்டுக் கிடைத்தால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். இவர்கள் இன்னொன்று சேர்ப்பார்கள். யார் வீட்டிலிருந்து வாகை மரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அவரவர் போனில், 'இப்போது கிளம்புங்கள்' என்று நாகஸ்வரம் ஒலிக்கும்படி செய்தார். கல்யாண வீடுபோல் இருந்தது தெரு.

கணக்கு அவ்வளவு கச்சிதம். பஸ் மரத்தடிக்கு வந்து சேர வேண்டிய அதே நேரத்துக்கு எல்லாரும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். பஸ்தான் வந்து சேரவில்லை. மஞ்சள் புள்ளி விலக்குக்கு வந்தது, கொஞ்சம் தயங்கியது, நேரே அருப்புக்கோட்டைக்குப் போயே போய்விட்டது. அது போகிற அழகை எல்லாரும் போனில் தெளிவாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாகஜோதி அன்று பிந்திப் போனாள். மறுநாளும் பிந்தினாள். "வெறும் வயித்தோட உக்காந்திருக்கவுக என்னையத் தின்னுருவாக போல இருக்கு. டாக்டரம்மா வேற ஆளைப் பாத்துக்கிறட்டுமான்னு கேக்காக" என்றாள். குருவம்மாளின் மல்லிகை விரிந்துபோய், மார்க்கெட்டில் கேட்க ஆளில்லாமல் கிடந்தது.

மாரிக்கண்ணனுக்கு வருத்தம்தான். ஆனால் அவருடைய வருத்தம் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? செய்தி வந்து சேருவதில் தாமதம், அதனால்தான் ஆட்கள் பிந்துகிறார்கள் என்று முடிவு கட்டினார். தாமதத்தைக் குறைத்தார். நாகஸ்வரம் இன்னும் துல்லியமாக ஒலித்தது. ஒருத்தரும் ஒரு நிமிஷம்கூட வீணாக மரத்தடியில் நிற்கவில்லை. வாழவந்தாள் ஒரு நாள்கூட ஊருக்குள் திரும்பவில்லை.

கடைசியில், வண்டியில் வைத்த போனில்தான் கோளாறு என்று தோன்றி, வெங்காய லோடு ஏற்றிப் போன ஆட்டோவில் தொற்றிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் போய், பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் மடியுமாக உட்கார்ந்தார். வண்டி விலக்குக்கு வந்தது. கோட்டைச்சாமி கையைப் புருவத்தில் வைத்தார். மாரிக்கண்ணனும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். வாகை மரம் நின்றது. மரத்தடியில் ஒரு காக்காய்கூட இல்லை.

"இன்னைக்கும் ஒரு தலையும் தெரியல" என்று கோட்டைச்சாமி கியரைப் போட்டார்.

"அண்ணே, திருப்புங்க! எல்லாரும் இருக்காக!"

"எங்க இருக்காக?"

"வீட்ல இருக்காகண்ணே. இந்தா பாருங்க, லைவ்ல தெரியுது. ஊரே போனைத் திறந்து வச்சு நம்ம வண்டியத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. இம்புட்டுப் பேரு ஒரே நேரத்துல பாக்குறது இன்னைக்குத்தான் மொதத் தடவை!"

சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"பாத்தா டிக்கெட்டு எடுத்த மாதிரி ஆயிருமா தம்பி?" என்றார் கோட்டைச்சாமி. "ஆளு நிக்காத ஊருக்குள்ள எதுக்கு வண்டிய ஓட்டுறன்னு மொதலாளி ஏசுறாரு. இந்த வாரம் பாப்பாராம், இன்னும் ஒரு நாளு ஆளு இல்லாமப் போனாலும் உள்ள வார நடையவே நிப்பாட்டச் சொல்லிட்டாரு. ஒரு தலை நிக்கட்டும், நான் திருப்புறேன். அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும்."

வண்டி நேரே போனது. மாரிக்கண்ணனின் மடியில் இருந்த லேப்டாப்பில் மஞ்சள் புள்ளியும் நேரே போனது. இரண்டும் ஒரு நொடி வித்தியாசம்கூட இல்லாமல் ஒன்றாகப் போவதைப் பார்த்து, கோளாறு போனில் இல்லை என்று அவருக்கு உறுதியானது.

விஷயம் தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாரிக்கண்ணன் உடனே ஒரு தீர்வு சொன்னார். டிரைவர் முன்னால் ஒரு திரை வைத்து, எந்தெந்த வீட்டில் யார் யார் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள் என்று அதில் நொடிக்கு நொடி காட்டினால், அவர் மரத்தடியைப் பார்க்கவே வேண்டாமே?

நாகஜோதி அவரைப் பார்த்தாள். "ஒரு திரையும் வேண்டாம். காலையில நீங்க போயி மரத்தடியில நில்லுங்க."

"நானா? எனக்கு பஸ்ஸுல போற சோலியே இல்லையே!"

"சோலி இல்லாமத்தானே இம்புட்டும் செஞ்சீக? அந்தத் தலைக்கு ஒரு வேலை இருக்கட்டும்."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தீர்ப்பு அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் மாரிக்கண்ணன் மரத்தடியில் நின்றார். விலக்கில் வாழவந்தாள் மெதுவாகி, திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் வந்தது. கோட்டைச்சாமி ஹாரனை நீளமாக அடித்தார். நாகஜோதி ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் சிரித்ததுண்டு. மாரிக்கண்ணனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. தன் தலைக்கே ஒரு பஸ்ஸைத் திருப்புகிற சக்தி இருக்கிறது என்பது அவருக்கு இத்தனை நாளும் தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் விட்டதா? அதற்கடுத்த நாளே, மற்றவர்கள் எல்லாரும் அவர் நிற்கிற தைரியத்தில் வீட்டுக்குள் சாவகாசமாக இருந்தார்கள். புள்ளி எங்கே வருகிறது என்று கேட்ட வாயெல்லாம், "மாரிக்கண்ணன் நிக்கானா?" என்று கேட்டது. குருவம்மாள்தான் நேரில் வந்து அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஏய்யா மாரிக்கண்ணு, நீ மரத்தடியில நிக்கியா இல்லையான்னு போன்ல தெரியிற மாதிரி ஒண்ணு செய்யப்படாதா?"

அவர் கண்ணில் அந்த வெளிச்சம் வந்தது.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல அத்தே" என்றார். "ஒரு சென்சார் போதும்."

வாரக் கடைசி நாள். முதலாளி பார்ப்பதாகச் சொன்ன வாரம். வாகை மரத்தின் அடித்தண்டில், ஆள் நின்றால் அறிந்து சொல்லும் சின்னச் சென்சாரை மாட்டிக்கொண்டிருந்தார் மாரிக்கண்ணன். ஒரு திருகு கீழே விழுந்தது. கரிசல் வெடிப்பில் விழுந்த திருகு சட்டென்று கிடைக்குமா? மண்டியிட்டுக் குனிந்து, வெடிப்புக்குள் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் விலக்கில் ஒரு வண்டி மெதுவானது. கொஞ்சம் தயங்கியது. நேரே போய்விட்டது. சென்சார் மிகச் சரியாக வேலை செய்தது. ஊரில் எல்லார் போனிலும் டிங் என்று செய்தி வந்தது: 'மாரிக்கண்ணன் நிற்கிறார்.'

அன்றோடு உள்ளே வருகிற நடை நின்றுபோனது. திங்கட்கிழமை காலையில் பெண்கள் எல்லாரும் விலக்கை நோக்கி நடந்தார்கள். யாரும் மாரிக்கண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வெட்கம் தாங்காமல் குருவம்மாளின் மல்லிகைக் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தார். விலக்கில் நிழல் கிடையாது. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருந்ததால் சட்டைப்பையில் இருக்கும் போனை அவரால் எடுக்க முடியவில்லை. ரோட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ரோடு வெறிச்சென்று கிடந்தது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஜோதி, பையில போன் இருக்கு. வாழவந்தாள் இப்ப எங்க வருதுன்னு கொஞ்சம் எடுத்துப் பாரேன்."

நாகஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரும்போது வரும்ங்க. கூடையச் சாய்க்காம பிடிங்க."

பாவம் மாரிக்கண்ணன் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு தடவை, நீங்கள் ஆர்டர் போட்ட பார்சல் எங்கே வருகிறது என்று போனில் தட்டிப் பார்த்தீர்களே, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புள்ளி உங்கள் தெருவுக்குள் வந்துவிட்டதும், உங்கள் வீட்டின்மேலேயே கொஞ்ச நேரம் நின்றதும் உங்களுக்குத் தெரியும். இப்போது அது மெல்லத் தள்ளிப் போகிறது பாருங்கள். பார்சல்காரர் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார்.